சுற்றாடல் வரி, மானியம், பேர்மிட்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமநல சேவை நிலைய வாசலிலும், கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும், மணல் ஏற்றும் இடங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறோம். கட்டண வீதங்கள் வர்த்தமானி மூலம் அடிக்கடி மாறுகின்றன. காசு கட்ட முன்னர் அன்றைய வீதத்தை உரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றாடல் வரி எண்டா என்ன? எல்லா வரியும் அரசாங்கத்துக்குத் தானே போகுது?

போய்ச் சேரும் பெட்டி ஒன்றுதான். அந்த வரி எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். வருமான வரி உழைப்பின்மேல் விழுகிறது. சுற்றாடல் வரி சேதத்தின்மேல் விழ வேண்டும்: ஒரு கியூப் மணல், ஒரு லீற்றர் டீசல், ஒரு கிலோ கழிவு என்று. ஆலைப் புகையால் அயல் வீட்டுச் சுவர் கறுத்தால் வெள்ளையடிக்கும் செலவு அயலவர் தலையில்தான். ஆலைக்காரரின் கணக்கில் அது ஏறுவதில்லை. அந்த விடுபட்ட செலவை வரியாகக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்று ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920இல் எழுதினார். இன்றைய கார்பன் வரி வரை எல்லாம் அந்த யோசனையில் இருந்து வந்தவை.

ஒரு கட்டணம் உண்மையில் சுற்றாடலுக்கு உதவுமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: சேதத்தைப் பாதியாக்கினால் கட்டும் காசும் பாதியாகுமா? ஆகாவிட்டால் அது வருமானம் சேர்க்கும் கட்டணம் மட்டுமே, யாருடைய பழக்கத்தையும் மாற்றாது. கீழே பல பதில்களில் இந்தப் பாதிச் சோதனை வரும்.

தண்டமும் வரியும் ஒண்டு தானே? ரெண்டும் காசு தானே?

செய்யக்கூடாததைச் செய்து பிடிபட்டால் கட்டுவது தண்டம். செய்ய அனுமதி உள்ள ஒன்றை எவ்வளவு செய்கிறோம் என்பதற்கு ஏற்பக் கட்டுவது வரி. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: பாதிக்கப்பட்டவருக்குப் போகும் நட்டஈடு. சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா கட்ட உத்தரவிட்டது. மாசாக்கியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கை இலங்கை நீதிமன்றங்களில் ஊன்றியது 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற்று வழக்கோடு.

தண்டத்தின் பலவீனம், பிடிபடும் வாய்ப்பில்தான் அதன் பெறுமதி இருக்கிறது என்பது. பத்துத் தரத்தில் ஒரு தரம் பிடிபட்டு 50,000 ரூபா கட்டுபவருக்கு ஒரு தரத்துக்கான செலவு 5,000 ரூபா. அவர் அதை வழிச்செலவாகவே எழுதிவைத்துவிடுவார்.

கடையில பைக்குக் காசு கேக்கினம். இது அரசாங்கத்துக்குப் போற வரியோ?

இல்லை. 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக்கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பணித்தது. காசு கடைக்காரரிடமே நிற்கும். அயர்லாந்தில் 2002இல் ஒரு பைக்கு 15 சதம் யூரோ அறவிட்டபோது அது அரசின் நிதியத்துக்குப் போனது. அங்கே பைப் பாவனை 90%க்கு மேல் விழுந்தது.

யாரிடம் போனாலும் வாங்குபவர் கையில் விளைவு ஒன்றுதான். பாதிச் சோதனையில் தேறுகிறது: இரண்டு பைக்குப் பதில் ஒன்று எடுத்தால் பாதிக் காசு. சறுக்குவது பில்லே எழுதாத சிறிய கடைகளிலும் சந்தையிலும். அங்கே பையின் விலை மரக்கறி விலைக்குள் ஒளிந்துகொள்கிறது, வாங்குபவருக்கு அது சும்மா கிடைத்த பைதான். இன்னொன்று: 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன், லஞ்ச் சீற், றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டவை. காசு கொடுத்தாலும் அவற்றை விற்க முடியாது.

சோடாப் போத்தலுக்கு முந்தி காசு திருப்பித் தந்தவை. பிளாஸ்டிக் போத்தலுக்கு ஏன் அப்பிடிச் செய்யேலாது?

செய்யலாம், பல நாடுகளில் செய்கிறார்கள். ஜேர்மனியில் ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்கு 25 சதம் யூரோ. நீலகிரியில் 2022 முதல் மதுப் போத்தலுக்கு 10 ரூபா கூடுதலாக வாங்கி, வெறும் போத்தல் வந்ததும் திருப்பிக் கொடுக்கிறார்கள். வைப்புக் காசின் அழகு, எறிபவர் ஒருவர் என்றாலும் பொறுக்குபவர் இன்னொருவராக இருக்கலாம் என்பது. முறிகண்டியில் இறங்கிய பயணி எறிந்த போத்தலை யாரோ ஒருவர் காசாக்கிவிடுவார்.

நடைமுறைக்கு மூன்று வேண்டும். வைப்புக் காசு, பழைய பிளாஸ்டிக்கின் நிறைவிலையை விடத் தெளிவாக உயர்வாக இருக்க வேண்டும். பக்கத்து மாவட்டத்துப் போத்தலைக் கொண்டுவந்து இங்கே காசு வாங்காதபடி ஒட்டியோ குறியோ வேண்டும். திரும்ப வாங்கும் கடைக்காரருக்குப் போத்தலுக்கு இவ்வளவு என்று கூலி வேண்டும். மூன்றாவதை மறந்த இடங்களில் கடைக்காரர் போத்தலை வாங்கச் சாட்டுச் சொல்வார், திட்டம் அங்கேயே நின்றுவிடும்.

மணலுக்கு றோயல்டி கட்டித்தானே ஏத்துறம். பிறகேன் மறிக்கினம்?

காகிதங்கள் பல. அகழ்வு அனுமதி வேறு, விற்பனை அனுமதி வேறு, கொண்டுபோகும் அனுமதி வேறு. இவற்றை 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் வழங்குகிறது. றோயல்டி, அதாவது அகழ்ந்த அளவுக்கு அரசுக்குக் கட்டும் காசு, கட்டிய பற்றுச்சீட்டு மட்டும் வீதியில் போதாது. கொண்டுபோகும் பேர்மிட்டில் உள்ள வாகன இலக்கம், பாதை, திகதி, நேரம், அளவு எல்லாம் டிப்பரோடு பொருந்த வேண்டும். ஒரு கியூப் என்பது 100 கன அடி, ஏறத்தாழ 2.83 கன மீற்றர். பெட்டியின் நீள, அகல, உயரத்தை அடியில் பெருக்கி 100ஆல் பிரித்துப் பார்த்துவிட்டே வீதிக்கு ஏறுங்கள். பக்கப் பலகை உயர்த்திய டிப்பர்கள் அநேகமாக இந்தக் கணக்கில்தான் பிடிபடுகின்றன.

இந்தப் பேர்மிட் வெறும் அலுப்பா என்பதற்கு நாடே ஒரு பரீட்சை எழுதிப் பார்த்தது. 2019 டிசம்பரில் மணல், மண் கொண்டுபோகும் அனுமதி ரத்துச் செய்யப்பட்டது. அகழ்வு அனுமதி அப்படியே இருந்தது, ஆனால் வீதியில் யாரும் கேட்க முடியாது. சட்டவிரோத அகழ்வு பரவலாகக் கூடியது. விடயம் நீதிமன்றம் வரை போய், பேர்மிட் மறுபடி கட்டாயமானது. றோயல்டி வரி என்றால், அதை அளக்கும் கோல் பேர்மிட்.

குறை எங்கே என்றால், றோயல்டி கியூபுக்கு ஏறுகிறது, இடத்துக்கு ஏறவில்லை. ஆற்றுப் படுகையில் வெள்ளத்தோடு திரும்ப வரும் மணலும், பாலத்தின் காலடியில் தோண்டிய மணலும், கிணறுகளுக்கு ஊற்று விடும் பழைய மணல் மேடும் ஒரே விலை. கனகராயன் ஆற்றங்கரையிலோ பாலியாற்றங்கரையிலோ இருப்பவருக்கு இவை மூன்றும் ஒன்றல்ல என்பது தெரியும். பாதிச் சோதனையில் இது அரைத் தேர்ச்சி.

குழி மூடுறதுக்கு எண்டு கட்டின வைப்புக் காசு திரும்பக் கிடைக்குமோ?

கிடைக்கும், மீளமைப்பு முடிந்ததாகப் பணியகம் ஏற்றுக்கொண்டால். கிரவல், கருங்கல், களி எடுப்பவர்கள் அகழ்வுக்கு முன் மீளமைப்புத் திட்டத்தையும் பிணையையும் கொடுக்க வேண்டும். போத்தல் வைப்புக் காசின் அதே தத்துவம்தான், போத்தலுக்குப் பதில் குழி.

காசு திரும்பாமல் போவதற்கான வழக்கமான காரணங்கள் இவை: மேல்மண்ணைத் தனியே குவித்து வைக்காமல் கிரவலோடு ஏற்றிவிடுவது, சரிவைச் செங்குத்தாக விட்டுவிடுவது, தொடங்க முன்னர் எடுத்த படமோ மட்ட அளவோ இல்லாதது. முதல் நாளே நாலு மூலையிலும் படம் எடுத்து, மேல்மண்ணை ஓரமாகக் குவித்து, கிரவலோடு கலக்காமல் வையுங்கள். பிணைத்தொகை மூடும் செலவை விடக் குறைவாக இருந்தால் வேறு வியாதி வரும். எக்ஸ்கவேற்றர் கூலி ஏறிய காலத்தில் காசை விட்டுவிட்டுப் போவதே இலாபம். மாரியில் நீர் நிரம்பி மாடும் பிள்ளைகளும் விழும் கிரவல் கிடங்குகள் பல இப்படி விடப்பட்டவை.

அரிசி ஆலைக்கு சுற்றாடல் லைசென்ஸ் எடுத்தாச்சு. இனி ஒரு பிரச்சினையும் இல்லையோ?

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது. பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், சிறிய பிரிவுக்கு உள்ளூராட்சி சபையும் கொடுக்கும். கட்டணமும் காலமும் தொழிலின் பிரிவைப் பொறுத்தவை, எவ்வளவு கழிவு நீர் விட்டீர்கள் என்பதைப் பொறுத்தவை அல்ல. ஆகவே பாதிச் சோதனையில் இது தேறாது. இது ஒரு கதவு, வரி அல்ல. நிபந்தனை மீறினால் உரிமம் இடைநிறுத்தப்படலாம். நெல் அவித்த நீரை வாய்க்காலுக்கு விடுவதும் உமிச் சாம்பலைத் திறந்த வெளியில் கொட்டுவதும்தான் முறைப்பாடுகளில் அதிகம் வருபவை.

உர மானியம் மூட்டையாத் தந்தா நல்லமோ, காசாத் தந்தா நல்லமோ?

கமக்காரரின் கையிருப்புக்கு இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம். மண்ணுக்கும் கிணற்றுக்கும் ஒன்றல்ல. 2005இல் தொடங்கிய திட்டத்தில் 50 கிலோ மூட்டை 350 ரூபா. அந்த விலையில் ஏக்கருக்கு இன்னும் அரை மூட்டை யூரியா போடுவதைப் பற்றி யாரும் இரண்டு தரம் யோசிக்கவில்லை. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பயிர் எடுக்காத பங்கு காற்றிலும் வாய்க்காலிலும், மணற்பாங்கான நிலத்தில் கிணற்றிலும் நைத்திரேற்றாகப் போய்ச் சேரும். கடைசி மூட்டையின் விலையைக் குறைப்பது என்பது கூடப் போடச் சொல்லிக் காசு கொடுப்பது.

2016இல் மூட்டைக்குப் பதில் நெல்லுக்கு எக்ரேயருக்கு வருடம் 25,000 ரூபா என்று காசாக மாறியது. பிறகு மறுபடி மூட்டை. 2024/25 காலபோகத்தில் எக்ரேயருக்கு 25,000 ரூபா, உச்சம் 2 எக்ரேயர். ஏக்கர் கணக்கில் சுமார் 10,000 ரூபா. காசாகக் கொடுக்கும்போது நீங்கள் சந்தை விலையில் வாங்குகிறீர்கள். ஒரு மூட்டை மிச்சம் பிடித்தால் அந்தக் காசு உங்கள் பையில். இதைத்தான் சுற்றாடல் நோக்கில் நல்ல முறை என்கிறோம்.

ஆனால் காசு முறை கெட்டுப்போகும் இடம் திகதி. அடியுரம் போட்டு, மேலுரமும் போட்டு முடிந்த பிறகு வங்கிக்கு வரும் காசு யாருடைய தீர்மானத்தையும் மாற்றாது. அதற்குள் கமக்காரர் கடைக்காரரிடம் கடனுக்கு எடுத்து, நெல்லாகத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பார். குத்தகைக்குச் செய்பவரின் பெயர் கமநலப் பதிவில் இல்லாவிட்டால் காசு காணிக்காரருக்குப் போய்விடும். விதைக்க முன்னரே பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்ப 2021இல செய்த மாதிரி ஒரேயடியா நிப்பாட்டுறது தானே சரி?

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்து, நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். மானியத்தைப் படிப்படியாகக் காசாக மாற்றுவதும், ஒரு போகத்துக்குள் பொருளையே இல்லாமல் செய்வதும் வேறு வேறு. விலை ஏறினால் கமக்காரர் அளவைக் குறைப்பார், சாணம், பசளைத்தழை, பயறு என்று வழி தேடுவார். பொருள் இல்லாவிட்டால் கறுப்புச் சந்தையைத் தேடுவார்.

மண்ணெண்ணெய் விலையை ஏத்தினதும் சுற்றாடலுக்கு எண்டோ?

நோக்கம் அதுவல்ல, திறைசேரிச் சுமை. 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340க்கு ஏறியது. மலிவாக இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் டீசலோடு கலக்கப்பட்டு பஸ், லொறிகளில் எரிந்தது. ஏழைக்கு என்று கொடுத்த விலை யாரிடம் சேர்ந்தது என்பதற்கு அது நல்ல உதாரணம். விலை வித்தியாசம் சுருங்கியதும் கலப்படத்துக்கான காரணமும் சுருங்கியது.

ஆனால் அதே நாளில் முல்லைத்தீவுக் கரையில் வெளியிணைப்பு இயந்திரம் வைத்திருந்தவரும், விசுவமடுவில் மண்ணெண்ணெய் பம்ப்பில் மிளகாய்க்கு இறைத்தவரும் முழு அடியையும் வாங்கினார்கள். உரத்துக்குச் சொன்னதுதான் இங்கும்: லீற்றர் விலையைக் குறைக்காமல் பதிவுசெய்த படகுக்கும் பயிர்ச்செய்கையாளருக்கும் நிலையான தொகை கொடுத்திருக்க வேண்டும், அதுவும் விலை ஏறும் அன்றே.

குளத்துத் தண்ணி சும்மா வருது. காசு வாங்கினா வீணாக்காமல் விடுவினமோ?

ஏக்கருக்கு இவ்வளவு என்று வாங்கினால் விடமாட்டார்கள். 1984இல் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் ஏக்கருக்கு 100 ரூபா பராமரிப்புக் கட்டணம் கொண்டுவந்தார்கள். சில வருடங்களில் அறவீடு படுத்துவிட்டது. கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் அதே வாய்க்காலில் அதே நீர் வந்தது. பாதிச் சோதனையும் தவறியது: பாதி நீர் பாய்ச்சினாலும் முழுக் காசு.

அளந்து விலை போட ஒவ்வொரு மதகிலும் மானி வேண்டும், அது இங்கே கட்டுபடியாகாது. இரணைமடுவில் சிறுபோகத்துக்கு நடக்கும் பங்கீடுதான் அதற்கு நெருங்கிய முறை. குளத்தின் மட்டத்தைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள். விலைக்குப் பதில் அளவு கட்டுப்படுகிறது. பங்குக்கு மேல் விதைத்தவருக்குக் கடைசித் தவணை நீர் கிடையாது என்பதைக் கூட்டம் உறுதியாகப் பிடிக்கும் வருடங்களில் அது நன்றாகவே ஓடுகிறது.

சோலார் போட்டா அரசாங்கம் என்ன தரும்? மூண்டு முறை இருக்காம்.

முதல் முறையில் மிஞ்சிய யூனிற்றுக்குக் காசு இல்லை, அடுத்த பில்லுக்கு வரவு வைக்கப்படும். இரண்டாவதில் மிஞ்சியதற்குக் காசு தருவார்கள். மூன்றாவதில் உற்பத்தி முழுவதையும் விற்று, பாவிப்பதற்கு வழமைபோல் பில் கட்டுவீர்கள். 2016இல் தொடங்கிய திட்டத்தில் யூனிற்றுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, பிறகு 15.50. புதிய இணைப்புகளுக்கு விலை மாறிக்கொண்டிருப்பதால் உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியதே செல்லும். வியாபாரி வாயால் சொல்லும் விலையில் கணக்குப் போடாதீர்கள். வன்னி வெயிலில் ஒரு கிலோவாற்றுக்கு மாதம் 110 முதல் 120 யூனிற் என்பது நிதானமான கணக்கு.

வருமான வரியில் சோலார் செலவுக்கு வருடம் 6 இலட்சம் ரூபா வரை கழிக்கலாம். இது கையில் வரும் காசு அல்ல, வரிக்குரிய வருமானத்தில் கழிவது. 6% வரிப் படியில் உள்ளவருக்கு உச்சப் பயன் 36,000 ரூபா, 36% படியில் உள்ளவருக்கு 2,16,000. வருமான வரியே கட்டாத கமக்காரருக்குப் பூச்சியம். கூடச் சம்பாதிப்பவருக்குக் கூடக் கொடுக்கும் ஊக்குவிப்பு இது. எங்கள் பார்வையில் ஒரே தொகையான மானியமே நியாயம்.

போட முன்னர் டிரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். நீண்ட கிராமத்து லைனின் கடைசி வீடென்றால் மதியத்தில் வோல்ற்றேஜ் உயர்ந்து இன்வேட்டர் தானாக நிற்கும், அந்த நேர உற்பத்தி போனதுதான். 2025 சித்திரை விடுமுறையில் மின் தேவை விழுந்தபோது கூரைச் சோலார் உரிமையாளர்களைப் பகலில் நிறுத்தி வைக்கக் கேட்டார்கள். வெயிலுள்ள நேரத்தில் எல்லோருக்கும் ஒரே விலை கொடுத்தால் இதுதான் நடக்கும். மாலையில் கொடுக்கும் யூனிற்றுக்குக் கூடிய விலை என்றால் பற்றரி தானாக வரும்.

பழைய டீசல் வாகனத்துக்குக் கார்பன் வரி திரும்ப வருமோ?

2019 ஜனவரியில் வந்தது, 2020 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. இயந்திரக் கொள்ளளவு, எரிபொருள் வகை, வயது மூன்றையும் வைத்து வருட வரிப்பத்திரத்தோடு அறவிட்டார்கள். திரும்ப வந்தால் ஒரு விடயத்தைப் பாருங்கள்: வீட்டில் நிற்கும் வாகனமும் தினமும் கண்டிக்கு ஓடும் வாகனமும் ஒரே தொகை கட்டினால் பாதிச் சோதனையில் தோல்வி. லீற்றர் மேல் போடும் வரி அதைவிடச் செம்மையானது.

காணியில மரம் வச்சா கார்பன் காசு தாறம் எண்டு ஆக்கள் வருகினம். கையெழுத்து வைக்கலாமோ?

முதலில் அளவு. ஒரு கார்பன் வரவு என்பது ஒரு தொன் காபனீரொட்சைட்டு. ஏக்கருக்கு 400 மரம், மரத்துக்கு வருடம் 15 கிலோ என்று வைத்தால் 6 தொன். தொன்னுக்கு 5 டொலர் என்றால் வருடம் 30 டொலர், அதுவும் அளவீடு, சரிபார்ப்புச் செலவு கழிக்க முன். தனிக் காணியில் இது கட்டாது, நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒன்றுசேர்த்தால்தான் கட்டும்.

பிறகு காகிதம். வன்னியில் பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் இருப்பவை. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அவற்றை நீண்டகால உடன்படிக்கைக்குள் கொண்டுபோனால் அனுமதிப்பத்திரத்துக்கே ஆபத்து. உடன்படிக்கையில் நான்கு வரிகளைத் தேடுங்கள்: எத்தனை வருடம், மரம் பட்டால் அல்லது யானை முறித்தால் யார் பொறுப்பு, விற்பனைக் காசில் எத்தனை வீதம் உங்களுக்கு, தேக்கையோ முதிரையோ பின்னர் தறிக்கலாமா. ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குக் காசு என்று சொல்பவரை நம்பவேண்டாம். திட்டம் இல்லாவிட்டால் நடந்திருக்காத வளர்ச்சிக்குத்தான் நேர்மையான சந்தையில் வரவு உண்டு.

எங்கட குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடுத்தா எங்களுக்கு என்ன கிடைக்கும்?

நீரைக் காப்பவருக்கு அதைப் பாவிப்பவர் காசு கொடுப்பது உலகில் நடக்கிறது. கொஸ்டா றிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காடு வைத்திருப்பவர்களுக்கு எரிபொருள் வரியில் இருந்து பங்கு போகிறது. இரணைமடுத் திட்டத்தில் கமக்காரர் எதிர்த்தது, நீர் குறைந்த வருடத்தில் யாருக்கு முதலிடம், பயிர் போனால் யார் ஈடு என்பதற்கு உறுதி இல்லாததால். கடைசியில் இரணைமடு நீருக்குப் பதிலாக, தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.

உப்பகற்ற ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 யூனிற் மின்சாரம் வேண்டும். முழு அளவில் ஓடினால் நாளுக்கு 72,000 யூனிற்றுக்குக் குறையாது. இனி எப்போதாவது நீர்ப் பங்கீடு பேசப்பட்டால் இந்த மின்சாரச் செலவுதான் பேரத்தின் மேல் எல்லை. சிறுபோகத்தைக் கைவிடும் ஏக்கர் ஒன்றின் தேறிய வருமானம் கீழ் எல்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு தொகை இருக்கிறது, அதை எழுத்தில், போகத்துக்கு முன் கேட்க வேண்டும்.

காசு கட்டினா அழிக்கலாம் எண்டுதானே இதெல்லாம் சொல்லுது?

சில விடயங்களில் அப்படித்தான் ஆகும், அங்கே வரியைப் போடக்கூடாது. கூடக் குறையச் செய்தால் சேதமும் கூடிக் குறைந்து, பின் ஆறக்கூடியது என்றால் வரி பொருந்தும். ஒரு எல்லையைத் தாண்டினால் மீளாதது என்றால் தடைதான். 2017இல் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்ட நந்திக்கடலின் கண்டலை ஏக்கருக்கு இவ்வளவு என்று விலை போட்டால், வசதி உள்ளவர் வாங்கிவிடுவார். டைனமைற், தங்கூசி வலை, விளக்கு வைத்த மீன்பிடி போன்றவற்றிலும் கட்டணம் பேசுவது வீண்.

எங்கட பிரதேச சபையே ஒரு சுற்றாடல் வரி போடேலாதோ?

புதிதாக வரி கண்டுபிடிக்க முடியாது. பாராளுமன்றச் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் உள்ளூராட்சி சபை வரி விதிக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது. கரைச்சியோ கரைதுறைப்பற்றோ 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும்.

ஆனால் சேவைக் கட்டணத்தை வடிவமைக்கலாம். குப்பைக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை வாங்குவதை விட, தரம் பிரித்தவருக்குக் குறைந்த கட்டணம், கலந்து வைத்த கடைக்குப் பீப்பாய்க் கணக்கில் கட்டணம் என்று துணைவிதி ஆக்கலாம். கோழி இறைச்சிக் கடை, ஹோட்டல், மண்டபம் மூன்றில் தொடங்குவது இலகு, கழிவின் அளவு கண்ணுக்குத் தெரியும். கட்டணம் ஏறும் அதே கிழமையில் வீதியோரத்தில் கொட்டுவதும் கூடும். பரந்தன் வீதியின் வெறும் காணிகளுக்கும் குளக்கட்டுகளுக்கும் முதல் மூன்று மாதம் காவல் ஒழுங்கு செய்யாமல் துணைவிதியை நடைமுறைக்கு விட வேண்டாம்.